ஆறு மணி நேரத் தொலைவு

சென்னை விமான நிலையத்திற்கும் ஜித்தா விமான நிலையத்திற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஒருவர் வினவினால், இக்காலத்தில் யாரும் அதனை மைலிலோ கிலோமீட்டரிலோ சொல்வதில்லை. 'ஆறு மணி நேரம்' என்றே சொல்கின்றனர். தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தை விடையாகத் தருகின்றோம். கேட்டவரும் மனநிறைவு கொள்கின்றார். சொன்னவரும் சரியாகச் சொன்னதாகவே எண்ணுகின்றார். பேச்சு வழக்கில் இதனால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் தூரமும் நேரமும் ஒன்றே என்று உள்ளமும் நம்பிவிடுமானால், மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய நீதியில் பிழை நேர்ந்துவிடுகின்றது. அதனைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றோம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஓர் ஊசியும் ஜித்தாவில் ஓர் ஊசியும் குத்தி, இரண்டிற்கும் இடையே நூலை இழுத்துக் கட்டினால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. அதன் நீளம் ஏறக்குறைய 4,440 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அளவுகோலை வைத்துக் கோடிட்டால் இவ்வழி கிட்டாது. உருண்டையைத் தட்டையாக்கும்போதே வழிகள் வளைந்துவிடுகின்றன. அந்நூல் சென்னையை விட்டு நேர் மேற்கே செல்வதில்லை. மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்து செல்கின்றது. ஜித்தாவிலிருந்து மக்கா 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே இருத்தலின், அது சென்னைப் பள்ளிவாசல்களின் கிப்லாத் திசையே என்று சொல்லிவிடலாம். விமானங்கள் தமக்கென வகுக்கப்பட்ட வான்வழிகளில் சற்றே விலகிப் பறப்பினும், ஹஜ்ஜுக்குச் செல்பவர் புறப்படும் திசையும் அவர் தொழுகின்ற திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இக்கணக்கு ஐரோப்பியர் கண்டுபிடித்துத் தந்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பீரூனி, ஊர்களின் இருப்பிடத்தை வரையறுப்பதற்கென்றே ஒரு நூல் யாத்தார். பக்தாதுக்கும் கஜ்னிக்கும் இடையே ஒட்டகக் கூட்டத்தார் சொன்ன தூரங்களைத் திரட்டி, பாதையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சியதை உருண்டையின் மேல் பொருத்திக் கணக்கிட்டார். கஜ்னியில் நின்று தொழுபவர் எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்று அறிவதே அவர் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இனி நேரம். ஜெட் விமானம் உயரத்தில் நிலைத்தபின் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வரை செல்லும். ஏறவும் இறங்கவும் ஆகின்ற வேளையையும், எதிர்காற்றையும் சேர்த்தால், நேரே செல்லும் விமானத்திற்குச் சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகின்றது. திரும்புகையில் காற்று பின்னிருந்து தள்ளுமாயின் பயணம் சற்றுக் குறையும். கடிகாரம் சொல்வதோ வேறு கதை. ஜித்தாவின் மணி நம் மணிக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. பிற்பகல் 2 மணிக்குச் சென்னையில் ஏறியவர் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே மாலை 5.30. நோன்பு நோற்று மேற்கே பறந்தவரிடம் கேட்டால், சூரியன் அன்று தம்மோடு கூடவே ஓடிவந்ததைச் சொல்வார். அவர் உடல் பொறுத்த பசி ஆறு மணி நேரத்தது. கடிகாரம் காட்டுவதோ மூன்றரை மணி நேரம். நேரம் என்னும் அளவுகோல் இவ்வளவு நெகிழ்ச்சியுடையது.

இப்பயணம் முன்னர் எவ்வாறிருந்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பம்பாய்க்கு இரயில், அங்கே நாட்கணக்கில் முஸாபிர்கானாவில் தங்கல், பின்னர்க் கப்பல். பம்பாயிலிருந்து ஜித்தா வரை ஏறக்குறைய 2,300 கடல் மைல். பத்து நாட்களுக்கும் மேலாக வானும் நீரும் அன்றி வேறொன்றும் காணாத பயணம். இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பலில் செல்லும் முறை 1995இல் முடிவுற்றது. அக்காலத்தில் புறப்படுபவர் வீடு வீடாகச் சென்று பொருத்தம் கேட்பார். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்துத் தீர்ப்பார்; தீர்க்க இயலாததை எழுதி வைப்பார். பேச்சற்றிருந்த தமையனிடமும் சென்று கைகொடுப்பார். திரும்பி வருவோம் என்னும் உறுதி யாருக்கும் இல்லை. இன்று அவ்வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை, ஆயினும் சுருங்கிவிட்டது. கைப்பேசியில் அனைவர்க்கும் ஒரே செய்தியாகப் 'பொருத்தம் செய்யவும்' என்று அனுப்பிவிட்டு ஏறுகின்றவர்களைக் காண்கின்றோம். கடன்பட்டவனுக்கும் அதே செய்தி; கடன் கொடுத்தவனுக்கும் அதே செய்தி!

சில ஆண்டுகளுக்கு முன்னர், பிக்ஹுப் பாடத்தில் பயணத் தொழுகையைப் பற்றி நாம் ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், நாற்காலியில் அமர்ந்தபடி, உணவும் நீரும் கையில் கொண்டுவந்து கொடுக்க, ஆறு மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்குகின்றவருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகக் குறைக்கச் சலுகை இருக்கின்றது. இங்கே வெயிலில் உப்பளத்தில் நிற்கின்ற என் வாப்பாவுக்கு அது இல்லையே?" என்றார். வகுப்பில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. அவர் வாப்பாவை நாம் அறிவோம்.

இக்கேள்வி புதிதன்று. பயணத்தின் சலுகைக்குக் காரணம் எது என்று நம் முன்னோர்களான இமாம்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். 'ஸபர்' என்னும் பயணமே காரணமா, அன்றிப் பயணத்தில் உள்ள 'மஷக்கத்' என்னும் துன்பம் காரணமா? சலுகையின் உட்கருத்து துன்பத்தை நீக்குதலே என்பதில் ஐயமில்லை. ஆனால் துன்பத்தை யார் அளப்பது? ஒருவனுக்குத் துன்பமாக இருப்பது மற்றொருவனுக்கு விளையாட்டு. ஆகவே, கண்ணுக்குத் தெரிவதும் எல்லார்க்கும் ஒரே அளவாக இருப்பதுமாகிய பயணத்தின் தூரத்தையே சட்டம் பற்றிக்கொண்டது. உஸூல் கிதாபுகளில் இதற்கு வழங்கும் உதாரணம் ஒன்றுண்டு. பல்லக்கில் சுகமாகச் செல்கின்ற அரசனுக்குக் கஸ்று உண்டு. சொந்த ஊரில் மூட்டை சுமக்கின்ற கூலியாளுக்கு இல்லை. மாணவர் கேட்டதும் அந்தக் கூலியாளைப் பற்றித்தான்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமீ மைல் கஸ்றுக்குரிய தூரம். பாரம் ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடப்பது அது. இக்கால அளவில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக வரும். விமானம் உயரத்தில் பறக்கும்போது அதனை ஆறு நிமிடத்தில் கடந்துவிடும். சென்னையிலிருந்து ஜித்தா வரையுள்ள தூரத்தை மர்ஹலாவால் வகுத்துப் பார்த்தோம். நூறுக்கு மேல் வந்தது. மூன்று மாதத்திற்கும் மேற்பட்ட ஒட்டக நடை, ஆறு மணி நேரமாகச் சுருங்கியிருக்கின்றது.

இவ்வாறு சுருங்கினால் சட்டம் என்னவாகும்? ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' என்னும் நூலில் இதற்கு விடை எழுதிச் சென்றுள்ளார்கள். கடற்பயணமும் தரைப்பயணத்தைப் போன்றதே என்றும், கப்பல் அந்த மைல்களைச் சிறு நேரத்திலேயே கடந்துவிட்டாலும் அவர் கஸ்று செய்வார் என்றும் கருத்துப்பட அங்கே எழுதுகின்றார்கள். மனிதன் இயந்திரத்தில் ஏறி முதன்முதலாகப் பறந்தது 1903இல். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, காற்றில் விரைகின்ற பாய்மரக் கப்பலை மனத்திற்கொண்டு எழுதிய ஒரு வரி, இன்றைய விமானத்திற்கும் அப்படியே பொருந்தி நிற்கின்றது. ஹனபி மத்ஹபில் அளவு மூன்று நாள் நடை. ஆயின் ஒருவர் விரைந்து சென்று அதனை இரண்டு நாளில் முடித்துவிட்டாலும் அவர் பயணியே என்று அவர்களும் கூறுகின்றனர். ஆக இரு சாராரும் கடந்து செல்லும் தூரத்தையே பார்த்தனர். எவ்வளவு விரைவில் கடந்தார் என்பதைப் பார்க்கவில்லை.

மாணவருக்கு இதனைச் சொன்னோம். அவர் அமர்ந்தார், எனினும் முகம் தெளியவில்லை. எனவே மற்றொன்றும் சொன்னோம். அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம், பகைவர் பற்றிய அச்சத்தோடு சேர்த்தே கஸ்றைக் கூறுகின்றது. நாடு முழுதும் அமைதி நிலவிய பின்னரும் ஏன் குறைத்துத் தொழ வேண்டும் என்னும் வியப்பு உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம். அதனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்துப்பட அண்ணலார் விடையளித்தார்கள். காரணமாயிருந்த அச்சம் போயிற்று. கொடை திரும்பப் பெறப்படவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்காதவன் அவன். உங்கள் வாப்பாவுக்கு என்ன கொடுத்திருக்கின்றான் என்பதை நாம் அளந்து சொல்ல இயலாது என்றோம். இது விடையாயிற்றா என்று இன்றும் நமக்கு ஐயமுண்டு.

சட்டம் தூரத்தைப் பற்றிக்கொண்டதில் மற்றொரு நுட்பமும் இருப்பதாகப் பின்னாளில் நமக்குத் தோன்றிற்று. பயணம் வேதனையின் ஒரு துண்டு, அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கின்றது, காரியம் முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புக என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விமானத்தில் உணவும் இருக்கின்றது, நீரும் இருக்கின்றது, தூங்குவோர் தூங்கவும் செய்கின்றனர். அப்படியானால் வேதனை எங்கே? ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்கள், தம் தந்தையார் அமர்ந்து பாடம் சொன்ன இடத்தில் தாம் அமர்ந்த வேளையில், பயணம் ஏன் வேதனையின் துண்டாயிற்று என்று ஒருவர் கேட்டாராம். சிறிதும் தாமதியாது, அன்புக்குரியோரைப் பிரிதல் அதில் இருப்பதால் என்றார்களாம். தந்தையை இழந்த மகன், தந்தையின் இடத்திலிருந்து சொன்ன சொல் அது.

பிரிவை எந்த விமானமும் சுருக்கவில்லை. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தைக் கண்டவர்கள், 210 கூடாரங்களாக விரிந்து நிற்கும் அதன் வெண்ணிறக் கூரையை மறக்க மாட்டார்கள். 1981இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் கூரையமைப்பில் பெரும் பங்காற்றிய பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான், 1929இல் டாக்காவில் பிறந்தவர், அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1982 மார்ச்சில் அதே ஜித்தாவில் இறந்தார், சிகாகோவில் அடக்கப்பட்டார். பிறந்தது ஓரிடம், இறந்தது ஓரிடம், அடங்கியது மற்றோரிடம். தூரத்தை எளிதாக்குவதற்கென்று உழைத்தவரின் வாழ்வே இப்படி இரண்டு கண்டங்களில் பரந்து கிடந்தது.

நாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு இப்பொழுது வருகின்றோம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு வியாழக்கிழமை பஜ்ருக்குப் பின் ஒரு தாயார் மௌத்தாகிவிட்டார். ஒரே மகன் ஜித்தாவில் ஒரு வீட்டில் கார் ஓட்டுகின்றார். மையித்தை ஐஸ் பெட்டியில் வைத்து மகன் வரும்வரை காத்திருக்கலாமா என்று நம்மிடம் கேட்க வந்தனர். "ஆறு மணி நேரந்தானே ஆலிம்சா, ராத்திரிக்குள் வந்துவிடுவான்" என்றார் தாயாரின் தம்பி.

ஜனாஸாவை விரைவுபடுத்துவதே முறை. கூட்டம் பெருகட்டும் என்பதற்காகப் பிற்படுத்தலாகாது. ஆனால் வலி எனப்படும் உரியவர் விரைவில் வருவார் என்னும் நம்பிக்கை இருந்து, மையித்து மாறிவிடும் என்னும் அச்சமும் இல்லையாயின், அவருக்காகக் காத்திருப்பதில் குற்றமில்லை என்று ஷாபிஈ கிதாபுகள் கூறுகின்றன. 'விரைவில்' என்பது இங்கே எவ்வளவு? பத்து நாள் கப்பல் ஓடிய காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. ஜித்தாவிலிருக்கும் மகனுக்குக் கடிதந்தான் போகும். ஊரார் அன்றே அடக்கிவிடுவர். யாரும் யாரையும் குறை சொல்லார். விமானம் வந்ததனால் மகன் வரக்கூடும் என்றாயிற்று. வரக்கூடும் என்பது நாளடைவில் வர வேண்டும் என்றாகிவிட்டது.

நாம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். வெளிநாட்டுத் தொழிலாளர் சிலர் முதலாளியின் ஒப்புதலின்றித் தாமே வெளியேறும் அனுமதி கோரலாம் என்று சவூதி அரசு 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தில், வீட்டுப் பணியாளரும் வீட்டு ஓட்டுநரும் சேர்க்கப்படவில்லை. ஆகவே இவர் முதலாளியிடம் கேட்டே ஆக வேண்டும். முதலாளி அன்று வேறு நகரில் இருந்தார். அனுமதி கிடைத்தாலும், அன்றைய விமானத்தில் இடம் வேண்டும். புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதன் பின்னர்தான் அந்த ஆறு மணி நேரம் தொடங்கும். சென்னையில் இறங்கி, சோதனைகளைக் கடந்து வெளியே வந்தால், ஊர் வருவதற்குக் காரில் பத்து மணி நேரம். கடல் தாண்டி வருவதைவிடத் தன் மாநிலத்திற்குள் வருவதற்கு மிகுந்த நேரம் ஆகின்றது! நாம் கூட்டிச் சொன்ன கணக்கைக் கேட்டுத் தாயாரின் தம்பி வாய் திறக்கவில்லை. அனுமதி கையில் கிடைத்துவிட்டது என்று லுஹருக்குள் மகன் தொலைபேசியில் சொன்னால் காத்திருப்போம், இல்லையேல் அஸருக்குப் பின் அடக்குவோம் என்று முடிவாயிற்று.

லுஹரும் முடிந்தது, அனுமதி வரவில்லை. அடக்கிவிட்டோம்.

மகன் நான்காம் நாள் வந்தார். அதற்குள் ஊரில் பேச்சு முற்றியிருந்தது. ஆறு மணி நேரத்தில் வரக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு பெற்ற தாயின் முகம் பார்க்க வராத பிள்ளை என்று திண்ணைதோறும் சொன்னார்கள். அவர் மூன்று நாள் எவ்வீட்டு வாசலில் நின்றார், எத்தனை முறை கெஞ்சினார் என்பதை யாரும் கேட்கவில்லை. நாள்தோறும் தொழுது, அவதூறும் புறமும் ஹராம் என்று அறிந்த மக்கள்தாம் அவர்கள். 'ஆறு மணி நேரம்' என்னும் சொல் அவர்களை நீதிபதிகளாக ஆக்கிவிட்டது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதனையும் மறைத்தல் தகாது. வேண்டும்போது புறப்படும் வசதியுள்ளவர்கள் பலரை நாம் அறிவோம். கையில் பணமும் உண்டு, விடுப்பும் உண்டு. அவர்களிடம் உம்மாவைப் பார்க்க வரவில்லையா என்று கேட்டால், "ஆறு மணி நேரந்தானே, எப்பொழுது வேண்டுமானாலும் வரலாம்" என்கின்றனர். எப்பொழுது வேண்டுமானாலும் வரக்கூடியவர் எப்பொழுதும் வருவதில்லை. கப்பற்காலத்து மகன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்தான். வந்தால் ஆறு மாதம் தாயின் காலடியில் கிடந்தான். இவர்கள் மூன்று நாள் வருகின்றனர். அதிலும் இரண்டு நாள் நிலப்பத்திரம் பதியச் செல்கின்றனர்.

நம்மையும் இக்குறையினின்று விலக்கிக்கொள்ள வழியில்லை. நமக்கு அரபு இலக்கணம் ஓதிக்கொடுத்த உஸ்தாத் முதுமையில் இருந்த ஊர், நம் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். அடுத்த வெள்ளி, அடுத்த மாதம், ரமளான் கழியட்டும் என்று இரண்டு ஆண்டுகளைக் கழித்தோம். பின்னர் ஒருநாள் அதே பேருந்தில் ஏறி, இரண்டே மணி நேரத்தில், அவர்களுடைய ஜனாஸாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சென்றது நினைவில் இருக்கின்றது.

ஜித்தாவிலிருந்து வந்த மகன், வந்த அன்று அஸருக்குப் பின் நம்மைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். கபுருஸ்தானுக்கு உடன் வர வேண்டினார், சென்றோம். மண் இன்னும் ஈரம் காயாதிருந்தது. சிறிது நேரம் நின்றபின் கேட்டார்:

"ஆலிம்சா, செய்தி வந்த அன்றைக்கே அங்கே ஓர் அறையில் நாங்கள் நாலு பேர் உம்மாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதோம். முதலாளி வீட்டுக் கார் நிறுத்துகின்ற இடத்தை ஒட்டிய அறை. அது கூடுமா? இங்கே மறுபடியும் தொழ வேண்டுமா?"

தொலைவில் மறைந்தவருக்காக இருந்த இடத்திலேயே நின்று தொழுவது நம் மத்ஹபில் கூடும். நஜாஷி மன்னருக்காக மதீனாவிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தொழுத செய்தி அதற்குச் சான்று. ஒருமுறை தொழுதவர் மீண்டும் தொழ வேண்டுவதில்லை என்றும் கிதாபில் உள்ளது. அவ்வண்ணமே சொன்னோம். "உங்கள் தொழுகை அன்றே வந்து சேர்ந்துவிட்டது, தம்பி" என்றோம்.

"எந்நேரம் அடக்கினீர்கள்?" என்று கேட்டார்.

அஸருக்குப் பின், ஐந்து மணி அளவில் என்றோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் ஜித்தாவின் மணியே ஓடிக்கொண்டிருந்தது. விரலால் இரண்டரை மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணினார். "அங்கே இரண்டரை. நாங்கள் தொழுததும் அந்நேரந்தான்" என்றார். பின்னர் கைகளை ஏந்தினார், நாமும் ஏந்தினோம். மஃரிபு பாங்கு ஒலிக்கும்வரை அவர் கைகளை இறக்கவில்லை.